பிரிந்த பேண்ட் மறுபடி மேடை ஏறலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். வயது 46, ஊர் கோபி பக்கம், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். 1997-லிருந்து 2001 வரை கோவையில் இன்ஜினியரிங் படித்தபோது நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். நான் கிட்டார். நாங்கள் போகாத கல்ச்சுரல்ஸ் இல்லை. கடைசி வருஷம் சொந்தமாக ஆறு பாட்டு போட்டு ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். அந்தச் செலவில் பாதிக்கு மேல் எங்கள் அப்பா மஞ்சள் விற்ற பணம். அடுத்த வருஷமே எங்கள் பாடகர் அதில் ஒரு பாட்டை, நான் போட்ட மெட்டை, தன்னுடையது என்று சொல்லி ஒரு டிவி நிகழ்ச்சியில் பாடினார். என் பெயர் வரவில்லை. வாய்த்தகராறாகி அன்றோடு போக்குவரத்து நின்றது. டிரம்ஸ் வாசித்த நண்பன் நாலு வருஷம் முன்பு மாரடைப்பில் போய்விட்டான். எழவு வீட்டில் பாடகரைப் பார்த்தேன், பேசவில்லை. இந்த டிசம்பரில் எங்கள் பேட்ச் வெள்ளிவிழா, அரைமணி நேரம் வாசிக்கச் சொல்கிறார்கள். நண்பனின் மகனுக்கு 19 வயது, கோவையில்தான் படிக்கிறான், டிரம்ஸ் வாசிப்பானாம். "அப்பா சீட்டில் பையனை உட்கார வை, லெட் செப்பெலின் 2007-ல் அதைத்தானே செய்தார்கள்" என்கிறான் பெங்களூரில் இருக்கும் எங்கள் பேஸ் கிட்டார் நண்பன். நன்றாகப் போனால் தொடர்ந்து ஷோ பண்ணலாம் என்றும் சொல்கிறான். செப்பெலின் என்ற அந்தப் பழைய இங்கிலாந்து ராக் பேண்ட் மறுபடி சேர்ந்திருக்கவே கூடாது என்பது என் கட்சி. பல வருஷமாக இருவருக்கும் இதே வாக்குவாதம். அவர்கள் சேர்ந்தது சரியா என்று நீங்கள் சொல்லுங்கள், அதை வைத்து நான் முடிவெடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கோவையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக ஆலோசனை சொல்கிறேன், வருகிறவர்கள் பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டி பிரச்சினை, பாகப் பிரிவினை, கூட்டு வியாபாரம் உடைந்தது என்றுதான் வருவார்கள். பேண்ட் உடைந்த கதையோடு ஒருவர் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு இது புதிய கதையாகத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், லெட் செப்பெலினை எனக்கு நன்றாகத் தெரியும். பாம்பேயில் வேலை பார்த்த எங்கள் அண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவந்த கேசட்டுகளில் அவர்கள் இருந்தார்கள். பட்டிப் பொங்கல் அன்று மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆகவே கேள்வியின் முதல் பாதிக்கே விவரமாகப் பதில் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் உங்கள் பெங்களூர் நண்பரும் வருஷக்கணக்கில் சண்டை போட்டும் தீராததற்குக் காரணம், அவர்கள் என்னவோ ஒரே ஒரு தடவை சேர்ந்தது போல இருவரும் பேசிக்கொண்டிருப்பதுதான். அவர்கள் பல தடவை சேர்ந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம், வேறு வேறு மனநிலை. மொத்தமாகச் சரி என்றோ தப்பு என்றோ எப்படிச் சொல்ல முடியும்?

1980 செப்டம்பர் 25 அன்று டிரம்மர் ஜான் பான்ஹாம் இறந்தார். 32 வயது. உங்கள் நண்பரை விடவும் சின்ன வயது. அவர்கள் நினைத்திருந்தால் வேறு ஒருவரைப் போட்டு வண்டியை ஓட்டியிருக்கலாம், அந்தப் பெயருக்கு உலகத்தில் எந்த டிரம்மரும் ஓடி வந்திருப்பார். அவர்கள் டிசம்பர் 4 அன்று, நண்பன் போன பிறகு பழையபடி தொடர எங்களால் முடியாது என்று ஓர் அறிக்கை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பேண்ட் பெயரைத் தவிர அதில் வேறு கையெழுத்து இல்லை. பிரிவதை இவ்வளவு மரியாதையாகச் செய்தவர்கள் குறைவு.

அப்புறம் 1985 ஜூலை 13, பிலடெல்பியா, லைவ் எய்ட். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நிதி திரட்டிய நிகழ்ச்சி, நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஒத்திகை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பான்ஹாம் இருந்த இடத்தில் ஃபில் காலின்ஸ், டோனி தாம்சன் என்று இரண்டு டிரம்மர்கள், அதிலும் காலின்ஸ் அன்று பகலில் லண்டனில் வாசித்துவிட்டுக் கான்கார்ட் விமானம் பிடித்து நேராக வந்தவர். பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரல் கட்டிப்போயிருந்தது, கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் கிட்டார் சுருதி சேரவில்லை. 2004-ல் அந்த நிகழ்ச்சியை டிவிடியாகப் போட்டபோது தங்கள் பகுதியைச் சேர்க்க வேண்டாம் என்று அவர்களே தடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி நீங்கள் "சேர்ந்திருக்கவே கூடாது" என்று சொன்னால் நான் உங்கள் பக்கம்தான்.

1988-ல் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் 40-ஆம் ஆண்டு விழாவில் மறுபடி வாசித்தார்கள், அப்போது டிரம்ஸில் பான்ஹாமின் மகன் ஜேசன். 21 வயது. அதுவும் சுமாராகத்தான் போனது. 1994-ல் பேஜும் பிளாண்டும் சேர்ந்து பழைய பாடல்களைப் புதுவிதமாக வாசித்தார்கள், பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸை அழைக்கவே இல்லை. அடுத்த ஜனவரியில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் மூவரும் ஒரே மேடையில் நின்றபோது, கடைசியில் என் போன் நம்பர் ஞாபகம் வந்ததற்கு நன்றி நண்பர்களே என்று ஜோன்ஸ் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த வலி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, டிவியில் உங்கள் மெட்டு ஓடியபோது உங்கள் பெயர் வராமல் உட்கார்ந்திருந்தவர் நீங்கள்.

இப்போது 2007. டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். தங்களை வளர்த்துவிட்ட அட்லாண்டிக் கம்பெனியின் அஹ்மத் எர்டிகன் காலமானதால் அவர் நினைவாக, அவர் பெயரில் அமைந்த கல்வி நிதிக்காக வாசித்தார்கள். முதலில் நவம்பர் 26 என்று அறிவித்திருந்தார்கள். பேஜின் விரல் எலும்பு முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள், அரைகுறையாகச் செய்வதைவிடத் தாமதமாகச் செய்வது மேல் என்று. வாரக்கணக்கில் ஒத்திகை நடந்தது. 59 வயதில் பிளாண்டுக்குப் பழைய உச்சம் எட்டாது, அதற்காக அவர் தொண்டையைக் கிழித்துக்கொள்ளவில்லை, சில பாடல்களை ஸ்கேல் இறக்கி வாசித்தார்கள். 16 பாட்டு. சுமார் இருபதாயிரம் பேர் மட்டும் பார்க்கக்கூடிய இடத்துக்கு 2 கோடி விண்ணப்பம் வந்தது என்றார்கள். பதிவு செய்யப்பட்டதை நானும் பார்த்திருக்கிறேன். நாலு பேரும் மேடையின் நடுவில் நெருங்கி நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள், அவ்வளவு பெரிய மேடையில் ஹாஸ்டல் ரூமில் நிற்கிற மாதிரி. எனக்கு அழுகை வந்தது. அவர்கள் கட்டாயம் அதைச் செய்திருக்க வேண்டும், செய்தார்கள், சரி.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். ஊர் உலகமே டூர் போகச் சொன்னது. பிளாண்ட் மாட்டேன் என்றார். அந்தச் சமயத்தில் அவர் அலிசன் கிராஸ் என்ற பாடகியோடு சேர்ந்து முற்றிலும் வேறு மாதிரிப் பாடிக்கொண்டிருந்தார், அந்த ஆல்பம் 2009-ல் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் வாங்கியது. மற்ற மூவரும் வேறு பாடகர்களை வைத்து ஒத்திகை பார்த்து, சரிப்படாமல் விட்டுவிட்டார்கள். பிளாண்டைத் திட்டாத ரசிகர் இல்லை. நான் பிளாண்ட் கட்சி. ஒரு ராத்திரி எர்டிகனுக்காகவும் பான்ஹாமுக்காகவும் வாசித்தார்கள், அது நிறைந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வாசித்தால் அது பிழைப்பு. பிழைப்பு கேவலம் என்று சொல்லவில்லை, ஆனால் அது வேறு காரியம்.

ஆக, 2007-ல் சேர்ந்தது பற்றி உங்கள் நண்பர் சொல்வது சரி, அதோடு நிறுத்தியது பற்றி உங்கள் மனதுக்குப் படுவது சரி. "தொடர்ந்து ஷோ பண்ணலாம்" என்ற பேச்சை டிசம்பர் முடியும் வரை யாரும் எடுக்கக் கூடாது என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா சீட்டில் மகன் என்று செப்பெலினை உதாரணம் காட்டுகிறாரே உங்கள் நண்பர், அந்த மகனுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியுமா? ஜேசன் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா அவனுக்குக் குட்டி டிரம் செட் வாங்கிக் கொடுத்து வாசிக்க வைத்தவர், 1976-ல் வந்த அவர்களுடைய படத்திலேயே அந்தக் காட்சி இருக்கிறது. அப்பா போகும்போது அவருக்கு 14 வயது. 1990-ல் ஜேசனின் கல்யாணத்தில் இந்த மூன்று பேரும் வந்து அவரோடு சேர்ந்து வாசித்தார்கள். டிக்கெட் போட்டு விற்கிற கச்சேரி இல்லை அது, கல்யாண வீடு. சித்தப்பா பெரியப்பாக்கள் வந்து நின்ற மாதிரி. 2007-ல் ஓ2 மேடையில் உட்கார்ந்தபோது அவருக்கு 41 வயது, சொந்தமாக பேண்ட் நடத்தி, ஃபாரினர் என்ற பெரிய பேண்டில் வாசித்து, தனக்கென்று ஒரு தொழிலும் பெயரும் வைத்திருந்த மனிதர். அவர் அப்பா இடத்தை நிரப்ப வந்த பையன் இல்லை.

உங்கள் நண்பர் மகனுக்கு 19. அப்பா போகும்போது 15. இந்த நாலு வருஷத்தில் நீங்கள் மூன்று பேரில் யார் அந்த வீட்டுக்குப் போனீர்கள்? பையன் பத்தாவது முடித்தானா, பன்னிரண்டாவதில் என்ன மார்க், எந்தக் காலேஜில் சேர்ந்தான், ஃபீஸ் எப்படிக் கட்டுகிறார்கள், அவன் அம்மா தனியாக எப்படிச் சமாளிக்கிறாள் என்று யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் "டிரம்ஸ் வாசிப்பானாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிப்பான் என்று எழுதவில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட விஷயம் அது. ஈரோட்டிலிருந்து கோவை இரண்டு மணி நேரம்தான் தம்பி.

குற்றம் சுமத்த இதைக் கேட்கவில்லை. சாவு வீட்டுக்குப் போகிறோம், பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகிறோம், அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் விட்டுவிடுகிறோம், ஒரு வருஷம் விட்டால் பிறகு போகவே கூச்சமாகிவிடுகிறது. நானும் அப்படி விட்ட வீடுகள் உண்டு. ஆனால் நாலு வருஷம் கழித்து அந்தப் பையனுக்குப் போகிற முதல் போன், "எங்களுக்கு ஒரு டிரம்மர் வேணும், வர்றியா கண்ணு" என்பதாக இருந்தால் அவன் என்ன நினைப்பான்? மாட்டேன் என்று அவனால் சொல்லவும் முடியாது. அப்பாவின் நண்பர்கள், அப்பாவுக்காக என்கிறார்கள், எப்படிச் சொல்வான்? ஐநூறு பேர் முன்னால் உட்கார வைத்து, எல்லாரும் அவன் முகத்தில் அவன் அப்பாவைத் தேடி, முடிந்ததும் கட்டிப்பிடித்து அழுது, ராத்திரி ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய் அவன் தனியாகப் படுப்பான். உங்களுக்கு அது ஆறுதலான சாயங்காலம், அவனுக்கு அது இன்னொரு எழவு நாளாக ஆகிவிடக் கூடாது. இந்த விஷயத்தில் என் கவலை முழுக்க அவனைப் பற்றித்தான்.

பையனுக்கு ஆசை இருந்தால் அவன் வாசிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு பாட்டு, அவன் தேர்ந்தெடுக்கிற பாட்டு, அவன் ஸ்டைலில், அப்பா எப்படி அடித்தார் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல். மற்றப் பாட்டுகளுக்கு கோவையில் எந்த ஜாம் ரூமில் கேட்டாலும் டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடைக்கும். ஆசை இல்லையென்றால் அவன் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்பதை முன்கூட்டியே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

இப்போது பாடகர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் காங்கயம் பக்கம் ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மோட்டார் ரிப்பேர் செலவில் ஆரம்பித்த தகராறு, பதினோரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. நான் பத்தாவது படிக்கும்போது குலதெய்வக் கோயிலில் பெரிய பூஜை வைத்தார்கள். பங்காளிகள் எல்லாரும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஒரே மாதிரி வரி கொடுத்து, வரிசையாகப் பொங்கல் வைக்க வேண்டும். யார் யாரோடு பேசவில்லை என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் அடுப்பும் சித்தப்பா வீட்டு அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். ராத்திரி மழையில் அவர்கள் விறகு நனைந்து புகைந்துகொண்டே இருந்தது. எங்கள் அப்பா ஒரு வார்த்தை பேசாமல், எரிந்துகொண்டிருந்த எங்கள் தென்னமட்டையில் இரண்டை எடுத்து அந்த அடுப்பில் தள்ளினார். சித்தப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பானையும் பொங்கியது, கும்பிட்டுவிட்டுத் தனித்தனி வண்டியில் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அந்த நாள் பொய்யா என்று யாராவது என்னைக் கேட்டால், எங்கள் அப்பா வாழ்க்கையில் நான் பார்த்த உண்மையான காரியங்களில் அதுவும் ஒன்று என்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடை ஏறுவதற்கு முன்னால் நீங்களும் பாடகரும் சமாதானம் ஆகியே தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் அதற்குப் பயந்துகொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆக வேண்டியதில்லை. பிங்க் ஃபிளாய்ட் என்ற இன்னொரு இங்கிலாந்து பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜர் வாட்டர்ஸ் 1985-ல் விலகி, மற்றவர்கள் அந்தப் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போட்டவர். 24 வருஷம் நாலு பேரும் ஒரே மேடையில் வாசித்ததில்லை. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சிக்காக வாசித்தார்கள். நிகழ்ச்சி நடத்தியவர் முதலில் அந்த பேண்டின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோரைக் கேட்டபோது அவர் முடியாது என்றுதான் சொன்னார். அப்புறம் வாட்டர்ஸே நேரடியாக கில்மோருக்குப் போன் செய்தார், அதற்குப் பிறகுதான் நடந்தது. அரைமணிக்கும் குறைவான நேரம் வாசித்தார்கள், தோளில் கை போட்டுக் கும்பிட்டார்கள், போனார்கள். வாட்டர்ஸுக்கும் கில்மோருக்கும் நடுவில் இருந்த கசப்பு அதோடு தீரவில்லை, பிறகும் பொதுவெளியில் முட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 2008 செப்டம்பரில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் போய்விட்டார். அந்த 2005 சாயங்காலம் நடந்திருக்காவிட்டால் அந்த நாலு பேருக்கும் 1981-ல் சேர்ந்து வாசித்ததுதான் கடைசியாக இருந்திருக்கும்.

அந்த ஒரு போனை நீங்கள் செய்யுங்கள். விழாக் கமிட்டி மூலம் வேண்டாம், பெங்களூர் நண்பர் மூலமும் வேண்டாம். எடுத்ததும் டிசம்பரைப் பற்றிப் பேசாதீர்கள். "அன்னைக்கு டிவியில என் பேரு வராதது எனக்கு இன்னைக்கும் வலிக்குது" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று குறுக்கே பேசாமல் கேளுங்கள். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்டால் சந்தோஷம். ஆனால் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனீர்கள் என்றால் மூன்றாவது நாள் அது வேறு முகத்தில் வெளியே வரும். மானிட்டரில் என் கிட்டார் கேட்கவில்லை, நீ ஸ்கேல் தப்பாகப் பிடிக்கிறாய் என்று ஆரம்பித்து, 2002-க்குப் போய்த்தான் நிற்கும். கூட்டு வியாபாரக் குடும்பங்களில் இதை நிறையப் பார்த்துவிட்டேன், லாரி வாடகை பற்றிச் சண்டை போடுவார்கள், உள்ளே தங்கச்சி கல்யாணத்தில் நடந்த அவமரியாதை இருக்கும்.

அந்தக் குறிப்பிட்ட பாட்டை, உங்கள் மெட்டை, மேடையில் வாசிப்பதா என்பது அவர் பதிலைப் பொறுத்தது. இது இவர் போட்ட மெட்டு என்று மைக்கில் அவர் தானாகச் சொல்லத் தயாராக இருந்தால் வாசியுங்கள். கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டிய நிலை என்றால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள், மீதி ஐந்து இருக்கிறதே.

எப்போதாவது ஒரு நாள் நிஜமாகவே ஷோ பண்ணலாம் என்று எல்லாரும் நினைத்தால், பாட்டு யாருடையது, வருகிற பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று முதல் நாளே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தி ஸ்மித்ஸ் என்ற பேண்டில் பாடகரும் கிட்டாரிஸ்டும் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பத்துப் பத்து கொடுத்தார்கள். பேண்ட் 1987-ல் உடைந்த பிறகு டிரம்மர் கோர்ட்டுக்குப் போனார், வேறு மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் நாலு பேரும் சம பங்காளிகள் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. அவர்கள் பிறகு சேரவே இல்லை. 2023-ல் பேஸ் கிட்டாரிஸ்டும் போய்விட்டார். உங்கள் அப்பா மஞ்சள் விற்ற பணத்துக்கு அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதியிருந்தால் கூட இந்த 24 வருஷம் வேறு மாதிரி போயிருக்கலாம்.

பிறகு வருத்தப்படுவேனோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் வார்த்தையாக இல்லாவிட்டாலும் இருக்கிறது. செப்பெலின் அறிக்கை வந்த நாலாம் நாள், 1980 டிசம்பர் 8 அன்று, பீட்டில்ஸ் பேண்டில் இருந்த ஜான் லென்னனைச் சுட்டுக் கொன்றார்கள். பத்து வருஷமாக பீட்டில்ஸை மறுபடி சேரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், 1976-ல் ஒரே ஒரு கச்சேரிக்கு 5 கோடி டாலர் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தார், அவர்கள் அசையவில்லை. அந்த டிசம்பருக்குப் பிறகு கேட்பதற்கே ஒன்றும் இல்லாமல் போனது. அவர்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ரசிகர்களுக்காகச் சேர வேண்டிய கடமை எந்த பேண்டுக்கும் கிடையாது. உங்கள் பேட்ச்காரர்களுக்காக நீங்களும் வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் நண்பன் உயிரோடு இருந்தபோதும் "சேரக் கூடாது" என்பதுதான் உங்கள் கட்சி, அப்போது அது பாடகர் மேல் இருந்த கோபம். இப்போது அதே வார்த்தையைச் சொல்லும்போது அதற்குள் துக்கமும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் இருக்கும்போதே ஒரு தடவை வாசித்திருக்கலாமே என்பது. அதைப் பாடகரைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் முழுதாகப் புரியாது, ஏனென்றால் அவருக்கும் அதே துக்கம்தான் இருக்கும்.

ஒத்திகையைப் பற்றி: அரைமணி நேரம் கொடுக்கிறார்கள் என்பதற்காக ஆறு பாட்டு போடாதீர்கள், மூன்று போதும். 46 வயதுக் குரலுக்கு ஏற்ற மாதிரி ஸ்கேலை இறக்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குறைந்தது ஐந்து தடவையாவது எல்லாரும் நேரில் உட்கார்ந்து வாசியுங்கள், பெங்களூர்க்காரரையும் சேர்த்து. விழா நாளில் சவுண்ட் செக்குக்குத் தனியாக நேரம் கேட்டு வாங்குங்கள். அது முடியாது என்றால் மேடையே வேண்டாம், ஏதாவது ஒரு தோட்டத்து வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து வாசித்துவிட்டு வாருங்கள், பிலடெல்பியாவை கோவையில் மறுபடி நடத்த வேண்டாம்.

ஆனால் போனுக்கும் ஒத்திகைக்கும் முன்னால் அந்த வீட்டுக்குப் போங்கள். பையன் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அவன் அம்மாவுக்கு முதல் நாளே சொல்லிவிட்டு, முடிந்தால் உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிட்டார் எடுத்துப் போக வேண்டாம். டிசம்பர் விழாவைப் பற்றி அன்று வாயைத் திறக்க வேண்டாம், அதை இன்னொரு நாள் போய்க் கேட்கலாம். நாலு வருஷம் வராமல் இருந்ததற்கு அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள். அப்புறம், அந்த ஆறு பாட்டின் பதிவு உங்களில் யாரிடமாவது இருக்கும், உங்கள் பீரோவிலேயே கூட சிடியாகக் கிடக்கலாம். அந்தப் பையனின் அப்பா 21 வயதில் வாசித்தது அது. அவன் அதைக் கேட்டிருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்காது. பழைய சிடியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான், ஒரு பென்டிரைவில் ஏற்றி எடுத்துப் போங்கள். அங்கேயே போட்டுக் காட்ட வேண்டாம். கொடுத்துவிட்டு, வேணுங்கறப்ப கேட்டுக்கோ கண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.